நேர்கோட்டில் தடுமாறும் பிள்ளைகளுக்குப் படிவம் 1-லேயே கைகொடுப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் வரும் கணிதப் பயிற்சிகளைக் கத்தரித்துப் பிள்ளைகளிடம் கொடுக்கும் பெற்றோர் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காகவும், மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கும் இளைஞர்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

சாய்வுக் கணக்கில், அதாவது ஒரு கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்று காணும், மலாய்ப் பாடநூல் 'கெசெருனான்' என்று சொல்லும் பகுதியில், மதிப்பெண் இழக்கும் பிள்ளையின் விடைத்தாளை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். சூத்திரம் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்கடுத்த இரண்டு வரிகளில்தான் கணக்கு உடைந்திருக்கும். அந்த இரண்டு வரியும் படிவம் 1-இல், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டில், கற்ற நேரியல் சமன்பாடு (3எக்ஸ் + 5 = 20 போன்றது). இப்போதைய பாடத்திட்டத்தில் சமன்பாடு படிவம் 1-இன் 6-ஆம் பாடம். சாய்வு படிவம் 2-இன் 10-ஆம் பாடம். நேர்கோடு படிவம் 3-இன் 9-ஆம் பாடம், அந்த ஆண்டின் கடைசிப் பாடமும் அதுதான். ஆண்டு முடிகிற அவசரத்தில் அது ஓட்டமாக ஓடுகிறது. சமன்பாட்டுப் பாடத்தில் விழுந்த விரிசல் மூன்றாம் ஆண்டில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் சாய்வுக்கு மேலும் ஐம்பது புறவயக் கேள்விகளைக் கொடுப்பது மருந்தாகாது. பின்னால் போய்ச் சமன்பாட்டைச் சரிசெய்ய வேண்டும்.

முதலில் சமக்குறி. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு வரும் பிள்ளையிடம் 8 + 4 = ___ + 5 என்று எழுதிக் கொடுத்துக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லுங்கள். 12 என்று எழுதுகிற பிள்ளைகள் இருப்பார்கள். 17 என்று எழுதுகிறவர்களும் இருப்பார்கள். விடை 7. பிள்ளைக்குக் கூட்டல் தெரியாமல் இல்லை. ஆறாண்டுகளாக அதன் கண்ணில் பட்ட கணக்குகளில் எல்லாம் இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை. ஆகவே '=' என்றால் 'விடையை எழுது' என்று அதற்குப் பதிந்துபோயிருக்கிறது. 12 செம்பனைக் குலை, ஒன்று 18 கிலோ, உதிரிப் பழம் 30 கிலோ என்றால் 12 × 18 = 216 + 30 = 246 என்று ஒரே வரியில் எழுதுவார்கள். 246 சரிதான், எழுதிய வரி தவறு. 12 × 18 ஒருபோதும் 246-க்குச் சமமாகாது. இந்த வரியைத் திருத்தாமல் விட்டால் இரண்டு பக்கமும் எக்ஸ் வருகிற நாளில் பிள்ளை திகைத்து நிற்கும். அங்கே 'விடைப் பக்கம்' என்று எதுவும் கிடையாது. வேல்ஸ் நாட்டுக் கணிதர் ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் இந்தக் குறியை அறிமுகம் செய்தபோது சம நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை அதற்காகவே தேர்ந்தெடுத்தார்: அவற்றைவிடச் சமமாக வேறெந்த இரண்டு பொருளும் இருக்க முடியாது என்று காரணமும் சொன்னார். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், மனதில் நிற்கும்.

அடுத்தது 'பக்கம் மாற்றினால் குறி மாறும்' என்ற வாய்ப்பாடு. இதில்தான் எங்களுக்குப் பெரிய மனத்தாங்கல். டியூஷனில் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். 3எக்ஸ் + 5 = 20 என்பதில் + 5 அந்தப் பக்கம் போய் - 5 ஆகிறது, 3எக்ஸ் = 15. சரி. அதே வேகத்தில் 3-உம் அந்தப் பக்கம் போகிறது: எக்ஸ் = 15 - 3 = 12 என்று சில பிள்ளைகள், 15 ÷ (-3) = -5 என்று சில பிள்ளைகள். வாய்ப்பாட்டை அப்படியே பின்பற்றியதால் வந்த தவறு இது. 3-க்கும் எக்ஸுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத பெருக்கல் குறி இருக்கிறது. பெருக்கலை அவிழ்ப்பது வகுத்தல், குறிமாற்றத்துக்கு அங்கே வேலையே இல்லை.

எதுவும் எங்கும் 'போவதில்லை' என்பதைத்தான் முதலில் காட்ட வேண்டும். ஒரே அளவில் நிற்கிற தராசின் இரு தட்டிலிருந்தும் ஒரே எடையை எடுத்தால் அது அசையாது. அதுபோல இரு பக்கமும் 5-ஐக் கழிக்கிறோம், பிறகு இரு பக்கத்தையும் 3-ஆல் வகுக்கிறோம். முதல் மூன்று வாரம் அந்த '- 5', '÷ 3' இரண்டையும் இரு பக்கமும் வேறு நிறப் பேனாவில் எழுத வையுங்கள். வரி கூடும், நேரம் பிடிக்கும், பரவாயில்லை. பழகிய பிறகு பிள்ளையே வரியைக் குறைத்துக்கொள்ளும்.

எதை முதலில் நீக்குவது என்று கேட்டால் இப்படிக் கேள்வி போடுங்கள்: எக்ஸுக்கு முதலில் என்ன நடந்தது? 3-ஆல் பெருக்கப்பட்டது. பிறகு? 5 கூட்டப்பட்டது. கடைசியாக நடந்ததை முதலில் அவிழ்க்க வேண்டும். 2(எக்ஸ் + 7) = 30 என்றால் வரிசை வேறு: முதலில் 7 கூடியது, பிறகு 2-ஆல் பெருகியது. ஆகவே முதலில் 2-ஆல் வகுத்து எக்ஸ் + 7 = 15, அதிலிருந்து எக்ஸ் = 8. இந்தக் கேள்வி பழகிவிட்டால் சமன்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லை.

எதிர்மக் குறி வந்ததும் தராசு உதவாது, எதிர்ம எடையைத் தட்டில் வைக்க முடியாதல்லவா. அங்கே 'இரு பக்கமும் ஒரே செயல்' என்ற விதியை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். 12 - 2எக்ஸ் = 4. பிள்ளை 12-ஐ நீக்கிவிட்டு 2எக்ஸ் = -8 என்று எழுதும், எக்ஸ் = -4. முன்னால் நின்ற மைனஸ் எங்கே? 12-உடன் சேர்ந்து அதுவும் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறது. ஒவ்வோர் உறுப்பையும் அதன் இடப்பக்கம் நிற்கிற குறியோடு சேர்த்து வட்டமிடச் சொல்லுங்கள். வட்டத்துக்குள் '-2எக்ஸ்' என்று முழுதாக இருக்கும், தொலையாது. -2எக்ஸ் = -8, எக்ஸ் = 4.

அடைப்புக்குறி இன்னும் கடினம். 10 - 3(எக்ஸ் - 2) = 1. இதில் இரண்டு பள்ளங்கள். ஒன்று, 10 - 3 = 7 என்று முதலில் கழித்து 7(எக்ஸ் - 2) = 1 என்பது. மற்றொன்று, 3-ஐ மட்டும் உள்ளே பெருக்கி மைனஸை மறந்து 10 - 3எக்ஸ் - 6 = 1 என்பது; அப்படிச் செய்தால் எக்ஸ் = 1 என்று அழகான முழு எண் கிடைக்கும், பிள்ளைக்குச் சந்தேகமே வராது. உள்ளே போவது -3 என்று தெரிந்தால் 10 - 3எக்ஸ் + 6 = 1, அதாவது 16 - 3எக்ஸ் = 1, எக்ஸ் = 5.

பின்னத்தில் நடப்பது வேறு. எக்ஸ்/3 + 2 = 5 என்பதை 3-ஆல் பெருக்கும்போது நடுவில் உள்ள 2-ஐ விட்டுவிட்டு எக்ஸ் + 2 = 15 என்பார்கள். எக்ஸ் + 6 = 15 என்பதே சரி, விடை 9. இந்த இடத்தில் முதலில் 2-ஐக் கழித்துவிட்டால் பிரச்சினையே எழாது. இருந்தாலும் இரண்டு வழியிலும் செய்து பார்த்து ஒரே விடை வருவதைக் காண்பது பிள்ளைக்கு நல்லது.

மேலே சொன்ன தவறுகளை எல்லாம் பிடிக்கிற ஒரே பழக்கம், கிடைத்த எண்ணை முதல் வரியில் இட்டுப் பார்ப்பது. எக்ஸ் = 1 என்றால் 10 - 3(1 - 2) = 13; 1 வரவில்லை, தவறு. எக்ஸ் = 5 என்றால் 10 - 3(3) = 1; சரி. அரை நிமிட வேலை. ஆனால் பல பிள்ளைகள் இரண்டாம் வரியிலோ மூன்றாம் வரியிலோ இட்டுப் பார்க்கிறார்கள், தவறு முதல் வரியிலிருந்து இறங்கும்போதே நடந்திருந்தால் அந்தச் சோதனையில் அது அகப்படாது. இன்னொன்றும் கவனியுங்கள்: எக்ஸ் = 5 எனில் 3எக்ஸ் எவ்வளவு என்று கேட்டால் 35 என்று சொல்லும் பிள்ளை வகுப்பில் இருக்கலாம். அதற்கு இன்னும் எழுத்து என்பது எண்ணுக்குப் பதிலாக நிற்பது என்று புரியவில்லை. 'ஆப்பிளுக்கு ஆ, வாழைக்கு வா' என்று எழுத்தைப் பொருளின் சுருக்கமாகச் சொல்லிக்கொடுப்பதும் இந்தக் குழப்பத்தை வளர்க்கும். எழுத்து பழத்தைக் குறிப்பதில்லை. எத்தனை பழம், அல்லது பழத்தின் விலை என்ன என்கிற எண்ணைத்தான் குறிக்கிறது.

இரு பக்கமும் எக்ஸ் வரும் கணக்குக்கு இந்திய மண்ணின் பழைய உதாரணமே இருக்கிறது. கி.பி. 499-ஐ ஒட்டி எழுதிய ஆரியபட்டர், சம செல்வம் உள்ள இருவரைப் பற்றிச் சொல்கிறார்: ஒவ்வொருவரிடமும் விலை தெரியாத குளிகை சிலவும் நாணயம் சிலவும் உள்ளன. நாணயங்களின் வித்தியாசத்தைக் குளிகைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு குளிகையின் விலை கிடைக்கும் என்பது அவர் விதி. ஒருவரிடம் 7 குளிகை, 4 நாணயம். மற்றவரிடம் 3 குளிகை, 24 நாணயம் என்று வைத்துக்கொள்வோம். 7எக்ஸ் + 4 = 3எக்ஸ் + 24. நாணய வித்தியாசம் 20, குளிகை வித்தியாசம் 4, விலை 5. இருவரிடமும் 39. விதி ஏன் வேலை செய்கிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். இருவரிடமிருந்தும் 3 குளிகையையும் 4 நாணயத்தையும் எடுத்துவிட்டால் 4 குளிகை = 20 நாணயம் என்று தானே சொல்லிவிடும்.

இதே அமைப்பில் 2எக்ஸ் + 3 = 2எக்ஸ் + 7 கொடுத்தால் கடைசியில் 3 = 7 என்று வரும். பிள்ளை பயந்து எக்ஸ் = 4 என்றோ எக்ஸ் = 0 என்றோ எதையாவது எழுதும். 'விடை இல்லை' என்பதும் ஒரு விடை என்று அன்றே சொல்லிவிடுங்கள். படிவம் 3-இல் ஒரே சாய்வுள்ள இணைகோடுகள் ஏன் சந்திப்பதில்லை என்ற பாடம் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

இனி சாய்வு. சூத்திரத்தோடு தொடங்காதீர்கள், அட்டவணையோடு தொடங்குங்கள். ஒரு லோரிக்காரர் பழம் ஏற்றிச் செல்ல வண்டிக்கென 40 ரிங்கிட்டும், டன்னுக்கு 15 ரிங்கிட்டும் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் கணக்குக்காக வைத்தவை). 0, 1, 2, 3, 4 டன்னுக்கு 40, 55, 70, 85, 100 ரிங்கிட். ஒரு டன் கூடினால் எவ்வளவு கூடுகிறது? எப்போதும் 15. அதுதான் சாய்வு. அதற்கு ஓர் அலகும் உண்டு: டன்னுக்கு இத்தனை ரிங்கிட். அலகைச் சொல்லிப் பழகிய பிள்ளை மேலே எதை, கீழே எதை வைப்பது என்று குழம்பாது.

அடுத்து இடைவெளி ஒரே சீராக இல்லாத அட்டவணையைக் கொடுங்கள்: 2, 5, 9 டன்னுக்கு 70, 115, 175 ரிங்கிட். கூடியது 45, பிறகு 60. 'சமமாகக் கூடவில்லை, நேர்கோடு இல்லை' என்று பிள்ளை முடிவு கட்டும். இங்கே நிதானமாக நில்லுங்கள், இந்தப் பாடத்தின் உயிர் இதுதான். 45 கூடியது 3 டன்னுக்கு, 60 கூடியது 4 டன்னுக்கு. வகுத்துப் பார்த்தால் இரண்டும் 15. சூத்திரத்தில் ஏன் வகுத்தல் இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. மேல்கீழ் மாற்றத்தைக் கிடைமட்ட மாற்றத்தால் வகுப்பது வெறும் சடங்கல்ல, ஓர் அலகுக்கு எவ்வளவு என்று கேட்பது.

ஆறாம் ஆண்டில் விகிதம் நன்றாகப் படித்த பிள்ளை இங்கே வேறொரு தவறைச் செய்யும். 4 டன்னுக்கு 100 என்றால் 8 டன்னுக்கு 200 என்று சொல்லும். உண்மையில் 160. இரட்டித்தது 15 வீதம் கூடிய பகுதி மட்டும். வண்டிக்கான 40 இரட்டிக்கவில்லை. ஒய் = 15எக்ஸ் + 40 என்பதில் 40 ஏன் தனியாக நிற்கிறது என்பதை விளக்க இதைவிட நல்ல தருணம் வராது. சாய்வு எதிர்மமாக இருக்கும் கோட்டுக்கு, 600 லிட்டர் தொட்டியிலிருந்து நிமிடத்துக்கு 25 லிட்டர் வெளியேறுவதாக வையுங்கள். ஒய் = 600 - 25எக்ஸ், 24-ஆம் நிமிடம் காலி. தொட்டி எப்போது காலியாகும் என்று கேட்பதே 600 - 25எக்ஸ் = 0 என்ற படிவம் 1 கணக்கு.

இப்போது வரைபடத் தாள். தோட்டத்துப் பிள்ளையோ நகரத்துப் பிள்ளையோ, எல்லாரும் சறுக்கும் இடம் இது. அச்சுத்தூரத்தைத் தமிழ்ப்பள்ளியிலேயே குறித்துப் பழகியிருப்பார்கள், ஆனால் அங்கே பெரும்பாலும் ஒரு கட்டம் என்றால் ஓர் அலகு. இங்கே கிடையச்சில் 2 செண்டிமீட்டருக்கு 1 அலகு, நிலையச்சில் 2 செண்டிமீட்டருக்கு 10 அலகு என்று வரும். லோரிக் கோட்டை அப்படி வரைந்தால் 1 டன்னுக்குத் தாளில் வலப்பக்கம் 2 செண்டிமீட்டர், மேலே 3 செண்டிமீட்டர். கட்டங்களை எண்ணுகிற பிள்ளை சாய்வு 3/2 என்று எழுதும். விடை 15. அளவுகோல் வேறானால் கட்டத்தை எண்ணக் கூடாது, அச்சில் எழுதியுள்ள எண்ணைப் படிக்க வேண்டும். ஒரே கோட்டை இரண்டு அளவுகோலில் இரண்டு தாளில் வரையச் சொல்லுங்கள். ஒன்று செங்குத்தாகத் தெரியும், மற்றொன்று படுத்துக் கிடக்கும், சாய்வோ ஒன்றே.

சாய்வு காணப் புள்ளிகளைத் தேர்வதிலும் முறை உண்டு. கோட்டின் மேல், கட்டங்கள் சரியாக வெட்டும் இடத்தில், ஒன்றுக்கொன்று தூரமான இரண்டு புள்ளிகள். அருகருகே எடுத்தால் அரை மில்லிமீட்டர் பிசகு கூட விடையை வெகுவாக மாற்றிவிடும். பென்சில் கூராக இருக்கட்டும். 30 செண்டிமீட்டர் ஒளிபுகும் அளவுகோல் இருந்தால் இரு பக்கப் புள்ளிகளும் தெரியும்.

புள்ளிகளைக் கொண்டு சூத்திரத்தில் கணக்கிடும்போது (-2, 7), (4, -5) போன்ற எதிர்ம எண்கள் உள்ள சோடியையே பயிற்சிக்குக் கொடுங்கள். மேலே -5 - 7 = -12. கீழே 4 - (-2) = 6. சாய்வு -2. இங்கே வரும் தவறுகள் மூன்று வகை. கீழே 4 - 2 = 2 என்று போட்டு -6 பெறுவது. மேலே இரண்டாம் புள்ளியிலிருந்தும் கீழே முதல் புள்ளியிலிருந்தும் தொடங்கி 2 பெறுவது. தலைகீழாக வகுத்து -1/2 பெறுவது. கணக்குக்கு முன் கைவரைவாக இரண்டு புள்ளிகளையும் இட்டுப் பார்த்தால் கோடு வலப்பக்கம் இறங்குவது தெரியும், ஆகவே விடை எதிர்மம் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். இரண்டாவது தவறு அங்கேயே பிடிபடும். கிடையாக 6 நகர 12 இறங்குகிறது என்பதையும் கவனித்தால் மூன்றாவதும் பிடிபடும்.

அடுத்த படியில்தான் நாங்கள் தொடக்கத்தில் சொன்ன விரிசல் தெரிகிறது. ஒய் = -2எக்ஸ் + சி என்பதில் (சி என்பது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம்) (-2, 7)-ஐ இட்டால் 7 = -2(-2) + சி, அதாவது 7 = 4 + சி, சி = 3. சாய்வைச் சரியாகக் கண்டுபிடித்த பிள்ளை இந்த ஒரு வரியில் 7 = -4 + சி என்று எழுதி சி = 11 என்று முடிக்கிறது. 2எக்ஸ் + 3ஒய் = 12 கொடுத்துச் சாய்வைக் கேட்டால் '2' என்கிறது, அல்லது 3ஒய் = -2எக்ஸ் + 12 வரை வந்து '-2' என்கிறது. ஒய் தனியாக நிற்கும் வரை வகுக்க வேண்டும், ஒவ்வோர் உறுப்பையும் வகுக்க வேண்டும்: ஒய் = -(2/3)எக்ஸ் + 4. பின்னச் சமன்பாட்டில் 2-ஐ விட்டுவிட்ட அதே பிள்ளைதான் இங்கே 12-ஐ வகுக்காமல் விடுகிறது. அச்சுகளை 6-இலும் 4-இலும் வெட்டும் இதே கோட்டுக்குக் குறுக்குவழிச் சூத்திரத்தில் (ஒய் அச்சு வெட்டை எக்ஸ் அச்சு வெட்டால் வகுத்து முன்னால் மைனஸ் இடுவது) அந்த மைனஸை மறந்து 4/6 என்பதும் வழக்கம். ஒரு கைவரைவு அதையும் தடுக்கும்.

கிடைக்கோட்டின் சாய்வும் நிலைக்கோட்டின் சாய்வும் குழம்பாமல் இருக்க ஒரு வழி. (2, 4), (7, 4) என்றால் 0/5. (3, 1), (3, 6) என்றால் 5/0. பெருக்கலாக மாற்றிக் கேளுங்கள்: 5-ஐ எதனால் பெருக்கினால் 0? 0-ஆல். ஆகவே சாய்வு 0. 0-ஐ எதனால் பெருக்கினால் 5? எதனாலும் வராது. ஆகவே அந்தக் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை.

கையால் அளந்து பார்க்கவும் பொருள் உண்டு. பள்ளி மாடிப்படியில் ஒரு படியின் உயரத்தையும் மிதிபலகையின் ஆழத்தையும் அளந்து வகுக்கச் சொல்லுங்கள். மலேசியாவின் சீரான கட்டடத் துணைச்சட்டங்கள் படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, மிதிபலகை 255 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. அப்படியானால் சாய்வு 0.71-ஐத் தாண்டாது. சக்கர நாற்காலிச் சரிவுப் பாதைக்கு வழக்கமான 1-க்கு 12 என்பது 0.08 அளவுதான். 25 பாகைக்கு மேற்பட்ட சரிவில் செம்பனைக் கன்றுகளைப் புதிதாக நடக்கூடாது என்று நிலைத்தன்மை நெறிகள் சொல்வதைத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பா, அண்ணன் அறிந்திருப்பார்கள். அந்த 25 பாகை, 100 மீட்டர் கிடைத் தூரத்துக்கு ஏறக்குறைய 47 மீட்டர் ஏற்றம், சாய்வு 0.47. 25 விழுக்காட்டுச் சரிவு என்பது வேறு, அது 14 பாகை மட்டுமே. பாகையையும் விழுக்காட்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளும் பிள்ளைக்கு இது கண்ணைத் திறக்கும்.

கைப்பேசியில் ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ் என்ற வரைபடச் செயலிகள் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. சாய்வை மாற்ற மாற்றக் கோடு திரும்புவதை அவற்றில் பார்க்கலாம். ஆனால் தாளில் குறைந்தது பத்துக் கோடுகளைக் கையால் வரைந்த பிறகு பார்க்கட்டும். அளவுகோல் குழப்பம் திரையில் தீராது.

தமிழ் மட்டுமே தெரிந்த பெற்றோரும் தயங்க வேண்டாம். பிள்ளை தேர்வில் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதினாலும், 'இந்த வரியில் இரு பக்கமும் என்ன செய்தாய்?' என்று தமிழில் கேட்டுத் தமிழில் பதில் வாங்கலாம். பதில் வராத வரியில்தான் தவறு இருக்கும். வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் விடையை மட்டும் எழுதும் பழக்கத்தை வீட்டிலேயே நிறுத்துங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் பகுதியில் நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளைக் குறைத்து, வாரம் ஒரு முறை தவறாகச் செய்த கணக்கை முழுமையாக அச்சிட்டு எந்த வரியில் பிழை, ஏன் பிழை என்று கேளுங்கள். அதன் பக்கத்திலேயே அளவுகோல் எழுதப்படாத வெற்றுக் கட்டத்தாள் ஒன்றையும் கொடுங்கள். அளவுகோலைத் தேர்வதும் பிள்ளையின் வேலையாகட்டும்.

முதல் வாரத்துக்கு இந்தக் கணக்கைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நீர் உறைவது 0 பாகை செல்சியஸ், அதாவது 32 பாகை பாரன்ஹீட். கொதிப்பது 100 பாகை செல்சியஸ், அதாவது 212 பாகை பாரன்ஹீட். செல்சியஸைக் கிடையச்சில் வைத்துச் சாய்வைக் காண்க, சமன்பாட்டை எழுதுக, இரண்டு அளவிலும் ஒரே எண் காட்டும் வெப்பநிலை எது? ஒரு மாணவரின் விடை: சாய்வு 180/100 = 1.8, ஒய் = 1.8எக்ஸ் + 32, எக்ஸ் = 1.8எக்ஸ் + 32, 0.8எக்ஸ் = 32, எக்ஸ் = 40. கடைசிக்கு முந்திய வரியில் மைனஸ் விடுபட்டிருக்கிறது. 40-ஐ முதல் சமன்பாட்டில் இட்டால் 104 வருகிறது, 40 வரவில்லை. சரியான விடை -40.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
சுங்கை சிப்புட் (உத்தாரா), பேராக்